ஒன்றாம் அடுக்குக்கு மேலே

மூல முளையை இடித்துத் தள்ளியது சீனுதான். இதில் காற்றுக்கோ கருப்புக்கோ எந்தப் பங்கும் கிடையாது. சூலூர் டீக்கடையில் வாங்கிய வடைப் பொட்டலம் பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. விழப்போன அதைப் பிடிக்கக் கையை நீட்டியவன் கிளட்சை விட்டான். பைக் ஒரே துள்ளலில் பாய்ந்து, சிமெண்டில் பதித்திருந்த இரும்பு முளையை அடியோடு பெயர்த்துவிட்டுத்தான் நின்றது. வடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்ரீனிவாஸ் என்கிற சீனு தன் வாழ்க்கையில் காப்பாற்றிய முதல் பொருள் அந்த வடைதான்.

அகழாய்வில் மூல முளை என்பது லேசுப்பட்ட கம்பி இல்லை. தோட்டம் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்து, எல்லாவற்றையும் அந்த ஒரு முளையிலிருந்துதான் அளப்பார்கள். ஒரு பானை ஓடு எந்தக் கட்டத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரிந்தால் அது சாட்சி. தெரியாவிட்டால் வெறும் ஓடு. முளை ஓரடி நகர்ந்தால் பூமிக்கு அடியிலிருக்கும் ஊரே ஓரடி நகர்ந்த மாதிரி.

ஆகவே சீனு திட்டு வாங்கத் தயாராக நின்றான். அங்கே பொறுப்பு கிருபாசங்கருக்கு. கோயமுத்தூர் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை நடத்தும் சின்ன அகழாய்வு அது. பேராசிரியர் எப்போதாவது வந்து தொப்பியோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவார், மற்றதெல்லாம் கிருபாதான். குழியோரம் கட்டிய நூல் விரற்கடை விலகினாலே சாமி வந்தவன் மாதிரி ஆடுகிறவன். சீனுவைத் திட்டுவதற்கென்றே கல்லூரி நாளிலிருந்து தனி அகராதி வைத்திருப்பவன்.

கிருபா திட்டவில்லை.

கீழே கிடந்த முளையைப் பார்த்தான். பிறகு தோட்டத்து ஓரத்தில் வரிசையாக நின்ற லைன் வீடுகளைப் பார்த்தான். மறுபடி முளையை. பல நாள் தூங்காமல் குழி விழுந்திருந்த அவன் கண்களில் அந்த நேரம் என்னவோ வந்து உட்கார்ந்தது. நிம்மதி என்று சொல்லலாம்தான். முளை பெயர்ந்ததற்கு யாராவது நிம்மதி அடைவார்களா?

“பரவால்ல உடுடா,” என்றான். “நீ போயி வடையத் தின்னு. நானே நட்டுக்கறேன்.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லையா மாப்ளே?”

“போடான்னா போயேன்டா.”

போனான். தின்றான். எண்ணெய்க் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது முளை ஈரச் சிமெண்டில் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

லைன் வீடுகளில் கடைசி இரண்டில்தான் இருவரும் வாடகைக்கு இருந்தார்கள். ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். கடைசியில் கிருபா, அவன் மனைவி கீதா, தவழும் வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்கு முந்திய வீட்டில் சீனு, ஒரு பாய், ஒரு தலையணை. வீடுகளுக்குப் பின்னால் தறிக்கொட்டகை. பகலும் இரவும் தறி அடிக்கும் அடியில் சிவப்புக் காவித் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இருக்கிறது என்பதே அது நிற்கும்போதுதான் தெரியவரும்.

கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையில், நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று பெயர் எடுத்து உட்கார்ந்திருந்த சீனுவை “எங்கூட வந்துர்றா” என்று கூட்டி வந்தவன் கிருபா. சாப்பாடு முக்கால்வாசி நாள் கீதா கையால்தான். கிருபா கேட்டால் சீனு ஒரு கிட்னியைக் கழற்றிக் கொடுப்பான். கேட்காவிட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று துடைத்து வைத்திருப்பான்.

பழைய கடலைக் களம் ஒன்றுதான் பானை ஓடுகளைப் பரப்பும் இடம். குழியிலிருந்து வரும் ஓடுகளை, தெய்வாத்தாள் தலைமையில் நாலைந்து பெண்கள் வாளியில் ஊறவைத்து, நைலான் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவுவார்கள். காய்ந்ததும் ஒவ்வோர் ஓட்டிலும் கருப்பு மையில் பொடிசாக எண் எழுதுவார்கள். களத்தில் ஒரு குழிக்கு ஒரு வரிசை. அடுக்குக்கு ஒரு செங்கல் கட்டம். தலைமாட்டில் குச்சியில் செருகிய அட்டை. முதலில் ஒன்றாம் அடுக்கு, அடுத்து இரண்டு, அப்படியே கீழே போகப் போக. மேலே கிடப்பது புதுசு, கீழே கிடப்பது பழசு. தொல்லியலில் சீனுவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே விஷயம் அது.

முளை நட்ட மறுநாள் காலையில் களத்தின் கோடியில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது.

செங்கற்கள் நூல் பிடித்த மாதிரி. உள்ளே ஒரு கைப்பிடி ஓடு, நன்றாகக் கழுவி, ஒன்றையொன்று தொடாமல் வைத்திருந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் ஆடிக் காற்று களத்தில் போட்டதையெல்லாம் அப்பளமாகக் காயவைத்துக்கொண்டிருக்க, அந்த ஓடுகள் மட்டும் ஈரமாக, இப்போதுதான் வாளியிலிருந்து எடுத்தவை போல மினுங்கின. அட்டையில் ‘கே 12, அடுக்கு 6’ என்றிருந்தது.

“என்னுங் சார், புதுக் குழி போட்டீங்களாட்டருக்குது?” தெய்வாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே.”

“நீங்க கழுவி வெச்சதுன்னு நான் நெனச்சேன்க்கா.”

“நாங் கழுவலீங். எழுத்து உங்குளுதுங்.”

குனிந்து பார்த்தான். அந்த ஆறின் கோணல் வால் அவனுடையதுதான். கோழி கிளறினாற் போன்ற அந்தக் கையெழுத்தை உலகத்தில் இன்னொருவர் எழுதிவிட முடியாது என்று ஆறாம் வகுப்பு வாத்தியாரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் எழுதவில்லை.

பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நாலாம் அடுக்கில் பிளாஸ்டிக் டைனோசர் ஒன்றைப் புதைத்துவைத்துப் பேராசிரியரைத் தொப்பி கழலக் குனிய வைத்தவன் சீனு. அவன் சொல்வதை நம்புவதற்கு அந்தத் தோட்டத்தில் ஒரு நாய் இருந்தது, அதுவும் வடைக்காக.

“வெளயாட்டுக்கும் ஒரு அளவு இருக்குது சீனு,” என்றான் கிருபா, எல்லாருக்கும் கேட்கும்படி. ஆனால் கிட்டே வரவில்லை. அதை எடுத்துப் போடு என்றும் சொல்லவில்லை.

“சத்தியமா நானில்லடா. கே 12ன்னா எங்க இருக்குது?”

“தோட்டம் ஜே-லயே முடிஞ்சுபோச்சு. அப்பிடி ஒரு கட்டமே கெடையாது. போயி வேலயப் பாரு.”

அது சரிதான். கட்டமே இல்லாத இடத்து ஓட்டைக் கையில் எடுத்தான். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, பழைய சரக்கு. ஐஸ்பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரி சில்லென்றிருந்தது.

இரண்டொரு நாளில் அதன் பக்கத்தில் அடுத்த கட்டம் வந்தது. அடுக்கு ஐந்து. செம்பழுப்புப் பூச்சுப் பூசிய ஓடுகள், ஒரு சங்கு வளையல் துண்டு. எல்லாம் ஈரம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, அலுத்துப் போயிருந்தார்கள். சீனு மட்டும் வெகுநேரம் அதன் எதிரில் குந்தியிருந்தான். ஏதோ நெருடிற்று. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நெருடி, சாயங்காலம் பல் விளக்கும்போது சட்டென்று வெளியே வந்தது.

ஆறு. அப்புறம் ஐந்து.

மேலிருந்து தோண்டுகிறவனுக்கு முதலில் ஒன்றுதான் கிடைக்கும். ஆறு முதலில் கிடைக்க வேண்டுமானால் அவன் எங்கேயிருந்து தோண்ட வேண்டும்?

வாய் கொப்பளித்துத் துப்பினான். தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டான். சிரிக்கவும் முயன்றான். சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு விடுமுறை. கீதா கொடுத்தனுப்பிய பிரியாணியைத் தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்த மத்தியான நேரம். வெளியே தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், தூரத்தில் விமானப்படைத் தளத்திலிருந்து ஏதோ ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம், அதுவும் அடங்கியபின் சுவருக்கு அப்பால் பாப்பாவின் மழலை, அதுவும் தூங்கியபின், எல்லாவற்றுக்கும் அடியில், தலையணைக்கும் அடியில், பாய்க்கும் அடியில், மிகப் பொறுமையாக ஒரு சத்தம்.

சர்ரக். சர்ரக். கொஞ்சம் நிதானம். பிறகு பிரஷின் மெல்லிய தேய்ப்பு. பிறகு ‘ஃபூ’ என்று ஓர் ஊதல்.

சீனு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். கொத்தனார் கரணை மாதிரி ஒரு சின்னக் கரணையால் மண்ணைச் செதுக்குவது, தூசியைத் துடைப்பது, இடுக்கில் இருப்பதை வாயால் ஊதுவது. அவன் பிழைப்பே அதுதான். வேலை தெரிந்த கை அது. அவனைவிட நன்றாகத் தெரிந்த கை.

“பெருச்சாளி,” என்று வாய்விட்டுச் சொன்னான். பெருச்சாளி ஊதுமா என்று மனசு கேட்டது. அதன் வாயை அடைத்தான். தைரியத்துக்கு விரல் முட்டியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, “ஏனுங்க, ஞாயித்துக்கெழமயுமா வேல?” என்றான்.

சத்தம் நின்றது.

பிறகு தொடங்கியது. அவன் தட்டிய இடத்துக்கு நேர் கீழே.

அன்று பொழுதோடு பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். உள்ளே நுழைந்ததுமே சந்தோஷமாக ஒன்று கண்ணில் பட்டது. பாப்பா தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். கடந்த பல வாரங்களாகக் கீதா குழந்தையைக் கீழேயே விட்டதில்லை. மடி, தோள், இல்லாவிட்டால் தொட்டில். “இளவரசி காலு மண்ணுல படக்கூடாதாட்டருக்குது” என்று சீனு கேலி செய்வான். இப்போது இளவரசி மூக்கொழுகத் தவழ்ந்துவந்து அவன் கட்டை விரலைக் கடித்தாள். கிருபாவின் முகமும் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வடிந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறான்.

“சாப்புடுங்கண்ணா,” என்று கீதா தோசையை வைத்தாள். தட்டைப் பார்த்தே வைத்தாள்.

“கீதாம்மா, உங்க ஊட்டுல பெருச்சாளி எதாச்சும்…”

கரண்டி கீழே விழுந்தது.

“எங்குளுக்கு ஒண்ணுமில்லீங்ணா,” என்றாள் கீதா. “இப்ப ஒண்ணுமில்லீங்.”

“பொடி வெச்சா செத்துப்போகும்டா,” என்றான் கிருபா, டிவியைப் பார்த்தபடி. “இன்னொரு தோச போட்டுக்க.”

நாலு தோசை. அவ்வளவு மரியாதையாக அந்த வீட்டில் அவனை யாரும் சாப்பிடச் சொன்னதில்லை. வழக்கமாக, “தின்னது போதும், எந்திரி” என்றுதான் கிருபா சொல்வான்.

நாலாம் அடுக்கு வந்தது. மூன்று வந்தது. களத்து வரிசை ஒழுங்காக நீண்டது. வீட்டில் மண் வாசனை வந்தது. மழை வாசனை இல்லை அது. எட்டு முழம் பத்து முழம் ஆழத்தில் புதுக் குழியை முதன்முதலாகத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, வெளிச்சமே பார்த்திராத மண்ணின் அந்தக் குளிர்ந்த, இரும்பு கலந்த நாற்றம். போர்வையில் அது. சட்டையில் அது. குடிக்கிற தண்ணீரில் அது. ஒருநாள் கை தவறி டம்ளர் விழுந்தபோது தரை ‘ணங்’ என்று கேட்கவில்லை. பானை மூடியில் விழுந்த மாதிரி ‘டொம்’ என்றது.

தெய்வாத்தாளைத் தனியாகப் பிடித்தான். அவள் வாளியிலிருந்து தலை நிமிரவில்லை.

“நெசமாச் சொல்லுங்க்கா. இது யார் வேல?”

“எனக்கென்னங் சார் தெரியும். போன மாசமும் இப்பிடித்தானுங்…” நிறுத்திக்கொண்டாள்.

“போன மாசம் என்ன?”

“ஒண்ணுமில்லீங்.”

“அக்கா.”

“பெரிய சார் தெனமும் வெடியால மொத ஆளா வந்து எதையோ பொறுக்கிக் கெணத்துல போட்டுட்டு இருந்தாருங். நானொண்ணும் பாக்கலீங். டீ ஆறுதுங் சார், குடிங்.”

பெரிய சார் என்றால் கிருபா.

அந்த டீ ஆறியே போனது.

இரண்டாம் அடுக்கு வந்த நாளின் மறுநாள், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. தூறல் வேறு. வேலையாட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிருபா விடிந்ததுமே கீதாவையும் பாப்பாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு மதுக்கரைக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்பினான். பாப்பா சீனுவிடம் தாவியது. கீதா அதை இழுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

“வாரேனுங்ணா,” என்றவள் குரல் உடைந்தது. தாய் வீட்டுக்குப் போகிற பெண் எதற்கு அழ வேண்டும்?

பைக் சத்தம் தேய்ந்தது. தறிகள் நின்றிருந்தன. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சீனு வெறுங்காலோடு சேற்றில் இறங்கினான். கையில் அளவு டேப். எத்தனையோ நாளாகச் செய்திருக்க வேண்டிய வேலை. சோம்பல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். சோம்பல் இல்லை, பயம்.

மூல முளையில் டேப்பின் கொக்கியை மாட்டினான். கட்டம் கட்டமாக அளந்துகொண்டே போனான். ஜே முடிந்தது. வேலி வந்தது. வேலியைத் தாண்டிக் கே. டேப் அவன் வீட்டு வாசலில் ஏறியது. வாசற்படியைத் தாண்டியது. உள்ளே போனது. தலையணைக்கு ஒரு சாண் முன்னால் பன்னிரண்டு தொடங்கியது. பாயின் கால்மாட்டில் முடிந்தது.

கொஞ்ச நேரம் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், ஏன் என்று தெரியாமலேயே, திரும்பிப் போய்ப் பழைய குழிகளை அளந்தான். அவை முளை விழுவதற்கு முன்பே போட்ட குழிகள். ஏ ஒன்றின் மூலை முளைக்கு நேராக இருக்க வேண்டும். இல்லை. பி ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகியிருந்தன. குழிகள் நகராது. முளைதான் நகர்ந்திருக்கிறது.

எவ்வளவு? டேப்பைப் பார்த்தான். லைன் வீடுகளைப் பார்த்தான். ஒரு வீட்டின் அகலம். சுவரிலிருந்து சுவருக்கு.

முளை பழைய இடத்திலேயே இருந்திருந்தால் கே 12 அடுத்த வீட்டுக்குள் விழும். நடுக்கூடத்தில். உத்தரத்தில் தொட்டில் கொக்கி இருக்கிறதே, அதற்கு நேர் கீழே.

மழை கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. தவழ்ந்து வந்த பாப்பாவை நினைத்தான். நாலு தோசையை நினைத்தான். நன்றாகத் தூங்கித் தெளிந்த அந்த முகத்தை நினைத்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனபின் வாசலில் ஒற்றையாக நிற்கும் பையனுக்கு வருமே, அதுதான் வந்தது.

வீட்டுக்குள் ஓடினான். துணிமணியை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போய்விடலாம், அப்பாவின் லேத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கப் போல்ட் எண்ணலாம். பையை எடுத்தான். நின்றான்.

சத்தம் இல்லை.

கரணை இல்லை. பிரஷ் இல்லை. ஊதல் மட்டும்.

ஃபூ.

பாயின் ஓரம் மெல்ல எழும்பித் தணிந்தது.

ஃபூ.

பாயைப் புரட்டினான். தரையில் ஒரு கோடு. நூல் பிடித்த கோடு. நான்கு பக்கமும். மூலைகள் கத்தியால் வெட்டிய மாதிரி சுத்தமாக. கோட்டிலிருந்து சிவப்புத் தூசி, புகை போல, மேலே வந்தது. கோட்டுக்குக் கீழே இருட்டு. இருட்டில் ஏதோ பொறுமையாக இருந்தது.

ஓடினான். பை விழுந்தது. செருப்பு இல்லை. வேலியில் சட்டை கிழிந்தது. பைக் சாவி உள்ளே. எங்கே போவது. ஆளில்லை. வெளி வேண்டும். வெளிச்சம் வேண்டும். களம்.

களத்தில் நின்று மூச்சு வாங்கினான். எதிரில் அந்த வரிசை. ஆறு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. இரண்டுக்குப் பக்கத்தில் ஒன்று. இதற்கு முன் அது இல்லை. அதனுள் சிவப்புக் காவிச் சில்லுகள், கழுவி, ஈரமாக, ஒன்றையொன்று தொடாமல். அவன் தரை.

ரோட்டில் பைக் நின்றது. நனைந்த கிருபா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். களத்தில் ஏறினான். சீனுவுக்கு நாலு அடி தள்ளி, எதையோ மிதித்துவிடக் கூடாது என்பது போலக் காலைப் பார்த்து நின்றான்.

“சாப்டியாடா?” என்றான்.

“முளைய மாத்தி நட்டியா?”

“மழைல ஏன்டா நனையற?”

“கிருபா. மாத்தி நட்டியா?”

கிருபா ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “பாப்பா தொட்டிலுக்கு நேர் கீழடா. மூணாவது அடுக்கு வரைக்கும் வந்துருச்சு. தொட்டிலக் கொண்டுபோயிச் சமையக்கட்டுல கட்டுனேன். சத்தமும் அங்கயே வந்துச்சு. மதுக்கரைக்கு எடுத்துட்டு ஓடுனோம். அங்கயும் ராவெல்லாம் தரைக்கு அடியில சொரண்டுச்சு. அந்தக் கட்டத்துல யாரு ஊடு விழுந்துச்சோ, அவங்க எங்க போனாலும் பொறத்தாலயே வருதாட்டருக்குது. நீ முளைய இடிச்ச. நான் ஒரு நப்பாசைல தள்ளி நட்டேன். அன்னிக்கே எங்க பக்கம் நின்னுபோச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே நட்டுக் குடுத்திருப்பேனேடா.”

“அதுக்குத்தான்டா கேக்கல.” கிருபா அழுதான். “நீ சரின்னு சொல்லியிருப்ப. அப்பறம் நான் எப்பிடிடா உம்மூஞ்சில முழிப்பேன்?”

சீனு அவனை நோக்கி ஓரடி வைக்கப் பார்த்தான். கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி அவன் தலையில் ஒன்று போட்டு, கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. கால் எழவில்லை. குனிந்தான்.

செங்கல். முன்னால் ஒரு வரிசை. இடப்பக்கம். வலப்பக்கம். பின்னாலும். நூல் பிடித்த மாதிரி. ஓடி வந்தபோது வெறும் களமாக இருந்த இடம். உள்ளே வேறு எதுவும் இல்லை. அவன் மட்டும்.

தலைமாட்டில் குச்சி. அட்டையில் அவன் கையெழுத்து. ‘கே 12, மேற்பரப்பு’. குழி தோண்டாமலேயே, தரைமேல் கிடப்பதைச் சும்மா நடந்துபோய்ப் பொறுக்குவார்களே, அதற்குப் போடும் பெயர்.

அவ்வளவு சேற்றில் ஓடிவந்த பாதங்கள் பளிச்சென்றிருந்தன. விரலிடுக்கில் ஒரு துளி மண் இல்லை. பித்தவெடிப்புக்குள்கூட இல்லை. கணுக்காலின் உள்பக்கம் கருப்பு மையில், பொடிசாக, ஓர் எண். மை இன்னும் காயவில்லை. முழங்காலில் ஏதோ நைலானாக, சில்லென்று, பொறுமையாகத் தேய்த்தது. பிறகு தொடையில் ஒரு மூச்சு.

ஃபூ.

“கிருபா.” குரல் சின்னதாக வந்தது. “ஒண்ணாம் அடுக்கு முடிஞ்சுபோச்சு. இந்தக் கட்டத்துல எதைடா வெக்கப் போகுது?”

கிருபா இத்தனை நாளில் முதன்முறையாக அவன் கண்ணை நேராகப் பார்த்தான்.

“உன்னத்தான்டா, சீனு.”